சின்ன இன நாய் சினையாக இருக்கும்போது: சாப்பாட்டிலும் டானிக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொமரேனியன், ஸ்பிட்ஸ், பக், ஷிட்ஸு, டாக்ஸ்ஹண்ட், சிவாவா என்று வீட்டுக்குள் வளரும் சின்ன நாய் சினையாகிவிட்டது என்று தெரிந்ததும், பல வீடுகளில் முதலில் வந்து சேர்வது ஒரு பாட்டில் கால்சியம் டானிக்தான். அக்கறையோடு வாங்குகிறார்கள், மறக்காமல் காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். குட்டி போட்ட இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் அதே நாய் கைகால் விறைத்து, உடம்பு உதறக் கிடக்கும்போது, “இவ்வளவு கால்சியம் கொடுத்தும் ஏன் இப்படி?” என்று தவித்துப்போகிறார்கள். பல நேரங்களில் அவ்வளவு கொடுத்ததே ஒரு காரணம். சினை நாயின் சாப்பாட்டில் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே எந்த வாரத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

சினைக்காலத்தில் கால்சியம் டானிக்

இரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு, எலும்பில் சேமித்து வைத்திருப்பதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். குடலும் சாப்பாட்டிலிருந்து கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும். சினைக்காலம் முழுக்க வாய்வழியாகக் கால்சியம் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பிக்கு வேலை இல்லை, மந்தமாகிவிடும். குட்டி பிறந்ததும் பால் வழியாகக் கால்சியம் வேகமாக வெளியேறும். அப்போது சுரப்பி உடனே சுறுசுறுப்பாக வேண்டும், ஆனால் அதால் முடியாது. இரத்தத்தில் கால்சியம் சரிந்து தசைகள் தாமாகவே இழுத்துக்கொள்ளத் தொடங்கும். மாடு வைத்திருப்பவர்கள் ‘பால் காய்ச்சல்’ என்று சொல்வதன் நாய் வடிவம் இது. மாட்டுக்குப் பெரும்பாலும் கன்று போட்ட ஓரிரு நாளில் வரும். நாய்க்கோ குட்டிகள் வளர்ந்து பாலை இழுத்துக் குடிக்கும் முதல் நான்கு வாரங்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரிய நாய்களைவிடச் சின்ன இனங்களுக்கே இது அதிகம் வருகிறது. 4 கிலோ உடம்பு நான்கைந்து குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டியிருப்பதை நினைத்தால் காரணம் புரியும்.

ஆரம்ப அறிகுறிகளைச் சாதாரணக் களைப்பு என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தாலும் தாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். குட்டிகளை விட்டு எழுந்து அறைக்குள் அலையும், திரும்பி வந்து படுக்கும், மறுபடி எழும். முகத்தைக் காலாலும் சுவரிலும் தேய்க்கும், காரணமில்லாமல் முனகும். நடக்கும்போது பின்னங்கால்கள் மடங்காமல் குச்சி ஊன்றியது போல விறைப்பாக வரும். இந்தக் கட்டத்திலேயே கிளம்பிவிட வேண்டும். அடுத்த சில மணி நேரத்துக்குள் நடுக்கம், விழுதல், வலிப்பு என்று போகும். உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குட்டிகளை உடனே பிரித்துவிடுங்கள். தாயின் வாயில் பாலோ டானிக்கோ ஊற்றவே கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதற்கான சிகிச்சை, இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மிக மெதுவாக ஏற்றுவது. வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்பதால் வீட்டில் ஊசி போட்டுப் பார்க்கும் வேலை இது இல்லை. அதன்பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரை குட்டிகளுக்குப் புட்டிப்பால்தான். அதற்காகக் குட்டி நாய்களுக்கான பால்பவுடர் ஒரு டப்பா முன்பே வீட்டில் இருக்கட்டும். பசும்பால் அதற்கு ஈடாகாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், லாக்டோஸ் குறைவு.

சோறும் கோழியும் போதும் என்ற நினைப்பு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, “அப்படியானால் கால்சியமே வேண்டாம்” என்று எடுத்துக்கொண்டால் அது அடுத்த தவறு. டானிக் வேண்டாம் என்பது, கால்சியமும் பாஸ்பரஸும் அளவாகச் சேர்த்த முழுமையான நாய் உணவைச் சாப்பிடும் நாய்க்கு. நம் வீடுகளில் பாதி நாய்கள் வாழ்வது சோறு, வேகவைத்த கோழி, கொஞ்சம் தயிரில்.

4 கிலோ எடையுள்ள ஒரு ஸ்பிட்ஸ், நான்கு குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அதற்குச் சுமார் 300 கலோரி போதும். குட்டிகளின் நான்காவது வாரத்தில் 850 கலோரி வரை வேண்டும். அதைச் சோற்றிலும் கோழியிலும் கொடுப்பதானால் ஒரு நாளைக்கு 400 கிராம் சோறும் 200 கிராம் கோழிக்கறியும் ஆகும். அந்த வயிற்றில் 600 கிராம் இறங்குவதே கடினம். இறங்கினாலும் அவ்வளவிலும் சேர்த்து 100 மில்லிகிராம் கால்சியம்கூட இருக்காது. தேவையோ சுமார் 1,600 மில்லிகிராம். பாஸ்பரஸ் மட்டும் கறியிலிருந்து ஏராளமாக வரும், அது கால்சியம் கணக்கை மேலும் கெடுக்கும்.

இந்தப் பள்ளத்தைப் பாலால் நிரப்பலாம் என்று பார்த்தால், 100 மில்லி பசும்பாலில் இருப்பது 120 மில்லிகிராம். ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அதற்கு முன்பே வயிற்றுப்போக்கு வந்துவிடும். கேழ்வரகில் கால்சியம் உண்டு என்பது உண்மைதான், 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு. ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நாம் போடுவது 15 கிராம் மாவு. ஐம்பது மில்லிகிராமுக்காக வயிறு முழுக்கத் தண்ணீரை நிரப்பியதாகிவிடும்.

எளிய வழி, சினையின் நான்காவது வாரத்தின் முடிவிலிருந்து குட்டி நாய்களுக்கான உலர் உணவுக்கு மாற்றுவது. வாரம் பத்து நாளில் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இதைக் கூட்டுங்கள். சின்ன இனக் குட்டிகளுக்கானதாகவோ, வளர்ச்சிக்கும் சினைக்கும் பாலூட்டலுக்கும் ஏற்றது என்று பையில் எழுதியதாகவோ பார்த்து வாங்குங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான பையைத் தவிர்க்கவும். அதில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தித்தான் வைத்திருப்பார்கள். இந்த வகை உணவு 100 கிராமில் சுமார் 400 கலோரி தரும், அதனால் அந்த ஸ்பிட்ஸுக்கு உச்சத்திலும் 210 கிராம் போதும். வெந்நீரில் ஊறவைத்துக் கொஞ்சம் கோழிக்கறி பிசைந்து போட்டால், சோறு பழகிய நாயும் சாப்பிடும். கறி பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடுதான் என்று உறுதியாக இருப்பவர்கள் இணை சேர்க்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கழுவி, வேகவைத்து, காயவைத்து, மாவாக அரைத்த முட்டை ஓடு 4 கிராமில் ஏறத்தாழ 1,500 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் அந்த அளவு பாலூட்டும் உச்சத்துக்கானது. சினைக்காலத்தின் தேவை அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

முதல் நாளிலிருந்தே இரட்டைச் சாப்பாடு

சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டிகளின் எடையில் பெரும்பகுதி ஏறுவது கடைசி மூன்று வாரத்தில். முதல் ஐந்து வாரம் வழக்கமான அளவே போதும். ஆறாவது வாரத்திலிருந்து வாரத்துக்குப் பத்து சதவீதம் போலக் கூட்டி, பிரசவ நேரத்தில் வழக்கத்தைவிட 25 முதல் 40 சதவீதம் அதிகமாக இருந்தால் சரி. 75 கிராம் சாப்பிடும் நாய்க்கு அப்போது 95 முதல் 105 கிராம். ஆரம்பத்திலேயே இரட்டிப்பாக்கினால் அது குட்டிக்குப் போகாது, தாயின் உடம்பில் கொழுப்பாகச் சேரும். ஏற்கெனவே குறுகலான இடுப்பெலும்புள்ள சின்ன இனத்தில் குட்டி வெளிவரச் சிரமப்படுவதற்கும் சிசேரியன் வரை போவதற்கும் இது வழி செய்கிறது. வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில நாட்கள் சாப்பிட மறுப்பது சகஜம். நெய்ச்சோறு, பிஸ்கட், ரசகுல்லா என்று எதையாவது ஊட்டிவிட்டால், பிறகு நல்ல சாப்பாட்டைத் தொடாத பழக்கம்தான் மிஞ்சும். கடைசி இரண்டு வாரத்தில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் அது வேறு விஷயம். அந்தக் கட்டத்தில் குட்டிகள் தாயின் இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், சின்ன உடம்பில் கையிருப்பு குறைவு. தள்ளாட்டமும் சோர்வும் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

இதே காரணத்தால் கடைசி மூன்று வாரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்ற கணக்கு உதவாது. கர்ப்பப்பை வயிற்றை நெருக்குவதால் ஒரே தடவையில் அதிகம் சாப்பிட முடியாது. அதே அளவை நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளையை இரவு தூங்கப் போகும் நேரத்துக்கு வைத்தால் விடியும் வரை வயிறு காலியாகக் கிடக்காது.

பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம்

பூண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் ஊறட்டும் என்று தாய்மாருக்குப் பூண்டு கொடுப்பது நம் வழக்கம். அதே பூண்டுக் குழம்பையும் பூண்டு தட்டிப்போட்ட பாலையும் நாய்க்கும் வைக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அப்படித்தான். பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும் நேரத்தில் அது கூடுதல் அடி. லேகியம், காயப்பொடி, உலர்திராட்சை போட்ட பாயசம் எதுவும் வேண்டாம். திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. சர்க்கரை இல்லாத சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். இருந்தால் அது நாய்க்கு விஷம்.

மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயிலும் தினமும் தட்டு நிறையப் போடும் ஈரலிலும் வைட்டமின் ஏ மிக அதிகம். சினையின் முதல் பாதியில் அது அளவு மீறினால் குட்டிகள் அண்ணப் பிளவோடு பிறக்கக்கூடும். பிளந்த அண்ணத்தோடு பிறக்கும் குட்டி உறிஞ்சும் பால் மூக்கு வழியாக வரும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் இதைக் குறைக்கச் சில மருத்துவர்கள் ஃபோலிக் அமிலம் தருவார்கள். அண்ணம் ஐந்தாவது வாரத்துக்குள் மூடிவிடுவதால், இணை சேர்ப்பதற்கு முன்பே தொடங்கினால்தான் பலன். வயிறு தெரிந்த பிறகு வாங்கும் மாத்திரை அதற்கு உதவாது.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். சினையின் கடைசியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் பரிசோதனையில் சிவப்பணு அளவு குறைவாகத் தெரிவது இயல்பு. அந்த ஒரு எண்ணைப் பார்த்து மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்க வேண்டாம்.

குட்டி போட்ட பிறகு அளந்து வைப்பது

முதல் மூன்று வாரம் கஞ்சத்தனமாக அளந்து கொடுத்துவிட்டு, “தாய் எலும்பும் தோலுமாகிவிட்டது” என்று டானிக்கைத் தேடுவது வீண். முதல் வாரம் வழக்கத்தைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டாவது வாரம் இரண்டு மடங்கு, மூன்றாவது நான்காவது வாரத்தில் இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு. குட்டிகள் மூன்றுக்கு மேல் என்றால் தட்டை எடுக்காமலே வைத்துவிடலாம். தாய் முதல் சில நாட்கள் குட்டிகளை விட்டு எழாது. தண்ணீரும் சாப்பாடும் படுக்கைக்கு ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும், குட்டி விழ முடியாத ஆழமில்லாத கிண்ணத்தில். தண்ணீர் குறைந்தால் பால் குறையும்.

பால் போதுமா என்பதை மடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. குட்டியின் எடைதான் சொல்லும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள், கழுத்தில் கலர் நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். 130 கிராமில் பிறந்த குட்டி தினமும் 7 முதல் 13 கிராம் ஏறி, பத்து நாளில் இரண்டு மடங்கை நெருங்க வேண்டும். முதல் நாள் சற்றுக் குறைவது பரவாயில்லை. அதற்குப் பிறகும் ஏறாத குட்டிக்குக் கூடுதல் பால் தேவை. எல்லாக் குட்டியும் ஏறாமல் இருந்தால் தாயின் சாப்பாட்டையும் மடியையும் பாருங்கள். மடி சூடாக, கல் போலக் கெட்டியாக, தொட்டால் தாய் சீறுவதாக இருந்தால் அது மடிநோய்.

பால் மறக்கும்போது

மூன்றரை வாரத்தில் ஊறவைத்த உணவைத் தட்டில் வைத்துக் குட்டிகளைப் பழக்கத் தொடங்குங்கள். ஆறு, ஏழு வாரத்தில் பால் நிற்கும். அப்போதும் தாய்க்கு மூன்று மடங்கு சாப்பாடு தொடர்ந்தால் மடி கட்டிக்கொள்ளும். குட்டிகளைப் பிரிக்கும் நாளில் வழக்கமான அளவில் பாதி மட்டும் கொடுத்து, நான்கைந்து நாளில் சினைக்கு முந்தைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், மடியைப் பீய்ச்சவும் வேண்டாம். பீய்ச்சினால் மறுபடி சுரக்கும்.

ஒரு முறை கால்சியம் இறங்கி விழுந்த நாய்க்கு அடுத்த ஈற்றிலும் அப்படி நடக்கும் வாய்ப்பு அதிகம். மறுபடி இணை சேர்க்க நினைத்தால் அதற்கு முன்பே மருத்துவரிடம் அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். சினைக்காலத்தில் டானிக் இல்லாமல், குட்டி பிறந்த நாளிலிருந்து மட்டும் அவர் எழுதும் அளவில் கால்சியம் கொடுக்கலாம். இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டிகளுக்குப் பகலில் ஓரிரு வேளை புட்டிப்பால் சேர்த்துத் தாயின் சுமையைக் குறைத்துவிடலாம்.