மருத்துவமனையில் நோயாளியுடன் தங்குபவர் கவனிக்க வேண்டியவை

சென்னையில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், உடன் தங்கும் உறவினருக்குப் பணம் கட்டுவதிலும் மருந்து வாங்குவதிலுமே பொழுது போய்விடுகிறது. ஆனால் நோயாளிக்குத் தவறான சிகிச்சை போய்ச் சேராமல் கேள்வி கேட்டுத் தடுப்பதும் அவரால் ஆகக்கூடிய காரியமே. சிகிச்சையின்போது பத்தில் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்வதாகவும், அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியதே என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சேர்க்கும் நாளிலேயே, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை, சித்த மருந்துச் சூரணம் உட்பட, அட்டையோடும் டப்பாவோடும் டியூட்டி டாக்டரிடம் காட்டுங்கள். "வெள்ளையாக ஒரு பிரஷர் மாத்திரை" என்று சொல்வதால் பயனில்லை. டோலோ, கால்பால் இரண்டுமே பாராசிட்டமால்தான் என்பதுபோல், கம்பெனிப் பெயர் மாறினாலும் மருந்து ஒன்றாக இருக்கலாம், தெரியாமல் இரட்டிப்பாகிவிடும். ஒவ்வாமை இருந்தால், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் படுத்திருப்பதும், இனிஷியல் மட்டுமே அவர்களைப் பிரிப்பதும் இங்கே சாதாரணம். "லட்சுமிதானே?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார். ஆகவே ஊசி போடுவதற்கோ ரத்தம் ஏற்றுவதற்கோ முன், கைப்பட்டையிலுள்ள முழுப் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் சரிபார்க்குமாறு கேளுங்கள். நல்ல நர்ஸ் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இன்சுலினில் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டில் அது மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு வலிமைகளில் விற்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை எடுத்தால், உடம்பில் ஏறுவது 25 யூனிட். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெடிக்கலில் வாங்கும்போதே குப்பியையும் சிரிஞ்சையும் பொருத்திப் பாருங்கள்.

அறுவை சிகிச்சை ஒரு பக்கத்தில் மட்டும் என்றால், நோயாளி விழித்திருக்கும்போதே அந்த இடத்தில் மையால் குறியிட வேண்டும்.

தவறு நடந்ததாகத் தோன்றினால், சத்தம் போடுவதற்கு முன் டாக்டரை அழைத்து, நேரத்தையும் கொடுத்த மருந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்தால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம்; எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அது பொருந்தாது. டாக்டரின் நடத்தைமீதான புகாரை அரும்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கொடுக்க வேண்டும்.