மாட்ரிட்டுக்குப் புதிதாக வருபவர்களே, இந்த எட்டு ஸ்பானிஷ் ஏவல்களைப் படித்துவிட்டு வாருங்கள்

நகராட்சியில் முகவரிப் பதிவை முடியுங்கள். வந்து ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விரல்ரேகை பதிய நேரம் வாங்கி, 790-012 படிவக் கட்டணத்தை வங்கியில் செலுத்தி, ரசீதோடு போங்கள். நகல், புகைப்படமெல்லாம் தாலுகா அலுவலகம் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. என் நண்பர் ஒருவர் சென்னையிலேயே காசு கொடுத்து ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவர். வகுப்பில் மரியாதை ஏவல்களை மட்டுமே உருப்போட வைத்திருந்தார்கள்: ‘பாயா’ என்றால் போங்கள், ‘பெங்கா’ என்றால் வாருங்கள். விரல்ரேகை அலுவலகத்தில் வாசல் காவலர், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘பே அ லா மெசா குவாத்ரோ’ என்றார். நான்காம் மேசைக்குப் போ என்று பொருள். நண்பரின் காதில் அது ‘பென்’ என்று விழுந்தது. ‘பெங்கா’வின் சுருக்கமாக்கும் என்று காவலரின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். அவருடைய எண் கடந்து போனது. புதிதாக நேரம் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே மீசை அரும்பாத பையனும் உங்களை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் அவர்கள் வழக்கம் அது. எனவே காதுக்கு முதலில் வேண்டியவை ஒருமை ஏவல்கள். பெரும்பாலான வினைகளில் தொல்லையில்லை: ‘அவன் கையெழுத்திடுகிறான்’ என்பதற்குரிய ‘ஃபிர்மா’தான் ‘கையெழுத்திடு’ என்பதற்கும். அடங்காதவை எட்டு: தி (சொல்), ஆத் (செய்), பே (போ), பொன் (வை), சல் (வெளியேறு), சே (இரு), தென் (வைத்துக்கொள்), பென் (வா). ‘வரு’வை ‘வா’ என்றும் ‘தரு’வை ‘தா’ என்றும் ஏவுகிற நமக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் பேசும்போது மரியாதை வடிவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வினைகளில் ‘நான்’ வடிவத்தின் கடைசி ‘ஓ’ ‘ஆ’வாகும்: பொங்கோ, பொங்கா, தெங்கோ, தெங்கா, திகோ, திகா. போவதற்கும் இருப்பதற்கும் மட்டும் இது செல்லாது. அவை பாயா, செயா. ‘எனக்கு’ என்னும் ‘மே’ வாலில் ஒட்டும்: சந்தையில் ‘பொங்காமே’ என்று தொடங்கித் தக்காளி கேளுங்கள். காப்பிக்கடையில் எல்லோரும் ‘பொன்மே’ என்பார்கள். அது அதட்டல் அல்ல. ஆனால் ‘பேத்தே’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், இடத்தைக் காலி செய் என்பதுபோல் ஒலிக்கும்.

தொலைபேசியில் பேச்சு முடியும்போது ‘பெங்கா, பெங்கா’ என்பார்கள். உங்களை எங்கும் கூப்பிடவில்லை, போனை வைத்துவிடலாம்.