வீட்டிலிருந்தே தமிழ் மொழிபெயர்ப்பு: முதல் ஊதியம் வங்கிக்கு வந்து சேரும் வரை

இணையத்தில் கூடுதல் வருமானம் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் மோசடி விளம்பரங்கள்தாம். நேர்மையான வழிகளும் இருக்கின்றன. அவற்றுள் நான் மாலை வேளைகளில் செய்துவருவதும், ஒவ்வொரு படியையும் என்னால் உறுதியாக விளக்க முடிவதுமான ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஆங்கில ஆவணங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பதும், காணொளிகளுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுவதும்.

இந்த வேலைக்குத் தேவை உண்மையாகவே இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழ் ஒன்று. இலங்கையில் சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழி. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்வதால் மருத்துவ அறிவிப்புகளும் அரசுத் துண்டறிக்கைகளும் தமிழில் வேண்டியிருக்கின்றன. நம் நாட்டிலோ வங்கிச் செயலிகள் முதல் காப்பீட்டுப் படிவங்கள் வரை தமிழுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் இது சம்பளத்துக்கு மாற்றாகாது. வேலை ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராமலும் போகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுப்பவரிடமிருந்து உங்களுக்குத்தான் பணம் வர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்வைப்புத் தொகை என்று எந்தப் பெயரிலும் உங்களிடமிருந்து அவருக்குப் போகக் கூடாது. காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என்று டெலிகிராமில் அழைப்பவர்கள், முதலில் சில நூறு ரூபாயை உண்மையிலேயே அனுப்பி நம்பிக்கை ஊட்டிவிட்டு, பிறகு 'முன்பணம் கட்டும் பணிகள்' என்று ஆயிரக்கணக்கில் பறிப்பார்கள். தட்டச்சு வேலை தருவதாகச் சொல்லி ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கி, பிழை இருக்கிறது என்று வழக்கறிஞர் பெயரில் மிரட்டல் அறிவிப்பு அனுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம். அந்தக் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் போனால் காவல்துறை உங்கள் வீட்டுக்குத்தான் வரும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடவே தேவையில்லை. ஏமாந்துவிட்டது தெரிந்தால் தயங்காமல் உடனே இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

படி 1: தட்டச்சு

ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பழகியவர்கள் அனுப்பும் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். வாடிக்கையாளர் அதைத் திறந்தவுடனே உங்களைக் கைவிட்டுவிடுவார். விசைப்பலகைகளில் என் தேர்வு தமிழ் 99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய இந்த அமைப்பில், புள்ளி பெரும்பாலான இடங்களில் தானாகவே விழும் என்பதால் விசை அழுத்தங்கள் குறைகின்றன. இப்போதைய விண்டோஸில் மொழி அமைப்புகளுக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால் இது கிடைக்கும். தனி மென்பொருள் வேண்டுமானால் என்.எச்.எம். ரைட்டரோ அழகியோ போதும். ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை கைப்பேசிச் செய்திகளுக்குச் சரி; நாள்தோறும் ஆயிரக்கணக்கான சொற்களை எழுதுகிறவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 2: காட்டுவதற்கு வேலை

அனுபவம் இல்லாதவருக்கு வேலை தர மாட்டார்கள்; வேலை இல்லாமல் அனுபவம் வராது. இந்தச் சிக்கலுக்குச் சிறந்த தீர்வு, மொழிபெயர்த்தவரின் பெயர் பொதுவில் பதிவாகும் தன்னார்வத் திட்டங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருளின் மொழிபெயர்ப்புத் தளத்திலும், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான மொஸில்லாவின் போன்டூன் தளத்திலும், டெட் உரைகளுக்கு வசன வரிகள் எழுதும் தன்னார்வலர் குழுவிலும் தமிழுக்கு இடமுண்டு. வேர்ட்பிரஸ் இந்தியத் தமிழையும் இலங்கைத் தமிழையும் தனித்தனியாகவே வைத்திருப்பதால், இலங்கை நண்பர்களும் தங்கள் வழக்கிலேயே எழுதலாம். இரண்டு மூன்று வாரங்கள் ஒழுங்காகச் செய்தால், விண்ணப்பத்தோடு இணைப்பதற்குச் சில நல்ல சுட்டிகள் உங்களிடம் இருக்கும்.

படி 3: கருவிகள்

வேர்ட் கோப்பின் மேலேயே ஆங்கிலத்தை அழித்துத் தமிழை அடிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஓமேகா-டி என்ற கட்டற்ற மென்பொருள் ஆவணத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்டும். ஒருமுறை மொழிபெயர்த்த வாக்கியம் மீண்டும் வந்தால் நினைவிலிருந்து எடுத்துத் தரும். புதிய திட்டம் தொடங்கி, மூலமொழி ஆங்கிலம், இலக்குமொழி தமிழ் என்று தேர்ந்து, கோப்பை மூலக் கோப்புறையில் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி என்டர் விசையை அழுத்திக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் கண்ட்ரோல் விசையோடு 'டி'யை அழுத்தினால், அதே வடிவமைப்பில் தமிழ்க் கோப்பு இலக்குக் கோப்புறையில் உருவாகும். வாக்கியத்தின் நடுவே தெரியும் சிறு குறிகள் தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றைக் காப்பவை. அவற்றை அழிக்கக் கூடாது. டிராடோஸ், மெமோகியூ போன்ற விலையுள்ள மென்பொருள்களைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம்; அவை தேவைப்படும் நிறுவனங்கள் பலநேரம் தங்கள் உரிமத்தையே பயன்படுத்தத் தருகின்றன.

வசன வரிகளுக்கு சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளே போதும். ஒரு நேரத்தில் திரையில் இரண்டு வரிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பதால், பேசியது அனைத்தையும் எழுதாமல் பொருளைச் சுருக்கி எழுதப் பழக வேண்டும். கோப்பை யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்தாம் மிஞ்சும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். இன்று வரும் வேலைகளில் கணிசமான பங்கு, இயந்திரம் தந்த தமிழைத் திருத்தும் பணிதான்; அதற்கு ஊதியமும் குறைவு. அதை ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் புதிதாக மொழிபெயர்க்கச் சொல்லி முழு ஊதியம் தரும் வேலையை இயந்திரத்தில் போட்டு எடுத்து அனுப்புவது ஏமாற்று. வாடிக்கையாளரின் ஆவணத்தை இலவச மொழிபெயர்ப்புத் தளங்களில் ஒட்டுவது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவதாகவும் முடியும்.

படி 4: பெயர்

பெரும்பாலான விளக்கங்கள் 'கணக்குத் தொடங்குங்கள்' என்ற ஒரே வரியில் கடந்துபோகும் இந்தப் படியில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். எனக்கும் மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நாள் பிடித்தது இதுவே.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கடைசிப் பெயர் என்ற இடத்தில் தலைப்பெழுத்தை மட்டும் இட முடியாது என்பதால், தந்தையின் பெயரை முழுமையாக எழுதுகிறோம். அதனால் ராமசாமியின் மகள் மீனாட்சி, வருமான வரித் துறையில் 'மீனாட்சி ராமசாமி' ஆகிறார், வங்கியில் 'மீனாட்சி ஆர்', ஆதாரில் 'ஆர். மீனாட்சி', திருமணத்துக்குப் பிறகு மாற்றிய குடும்ப அட்டையில் கணவரின் தலைப்பெழுத்தோடு 'கே. மீனாட்சி'. ஊரில் எவரும் இதை ஐயப்படுவதில்லை. வெளிநாட்டுப் பணம் பெற்றுத் தரும் பேபால், பேயொனீர் போன்ற சேவைகளோ பான் அட்டையில் உள்ள பெயரையும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. அவை பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு தோல்வியடையும். சில வேளைகளில் பணம் வந்த பிறகும் தடைபட்டு நிற்கும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் வருமான வரித் துறையின் மின்தாக்கல் தளத்தில் நுழைந்து, முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் எவ்வாறு பதிவாகியுள்ளன என்று பாருங்கள். அட்டையில் அச்சாகும் பெயரைச் சுருக்கிக் கேட்க விண்ணப்பத்தில் இடமிருப்பதால், அட்டையில் உள்ளதும் பதிவேட்டில் உள்ளதும் வேறுபடலாம். பதிவேட்டில் உள்ளதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். அடுத்து, வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, பான் நகலோடு கணக்கின் பெயரை அதே வடிவில் மாற்றித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். ஆதாரையும் உடன் கேட்பார்கள். தலைப்பெழுத்தின் விரிவுதான் அந்தப் பெயர் என்பதைக் காட்ட, தந்தையின் பெயர் உள்ள பள்ளிச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அதன் பிறகே பணச் சேவையில் கணக்குத் தொடங்கி, முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் பதிவேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இடுங்கள். வங்கிச் சான்று கேட்டால் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதைவிட, இணைய வங்கியிலிருந்து இறக்கிய கணக்கு அறிக்கையை அனுப்புவதே மேல். அதில் முழுப் பெயரும் கணக்கு எண்ணும் ஒரே இடத்தில் தெளிவாக இருக்கும்.

ஆதாரில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், ஏனெனில் அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்.

இன்னொன்று: கணவரின் கணக்குக்கோ மகனின் கணக்குக்கோ பணத்தை வரவைக்கலாமா என்று சகோதரிகள் சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. சேவை நிறுவனம் அதை மறுக்கும். மறுக்காவிட்டாலும் உங்கள் உழைப்பின் வருமானம் இன்னொருவரின் வரிக்கணக்கில் போய் நிற்கும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வேலை தேடலும் விலையும்

அப்வொர்க், ஃபைவர் போன்ற பொதுச் சந்தைகளில் போட்டி கடுமையானது, விலையும் அடிமட்டத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே உள்ள புரோஸ், டிரான்ஸ்லேட்டர்ஸ் கஃபே ஆகிய தளங்களையே நான் விரும்புகிறேன். புரோஸில் வேலை தருபவர்களைப் பற்றி மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிய மதிப்பீடுகள் உண்டு. எந்த வேலையையும் ஏற்கும் முன் அவற்றைப் பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வு என்று 200, 300 சொற்கள் கேட்பது வழக்கம். பத்துப் பக்கம் கேட்டால் அவர்கள் தேர்வு வைக்கவில்லை, இலவசமாக வேலை வாங்குகிறார்கள்.

ஊதியத்தை மூல ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கைக்குப் பேசுங்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களில் வருவது தமிழில் 'வரவில்லையென்றாலும்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், தமிழ்ச் சொற்களை எண்ணிக் கொடுத்தால் உங்களுக்கு இழப்புதான். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலைக்கு ஒலியின் நிமிடக் கணக்கில் தருவார்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கு மணி நேர உழைப்புக்குக் குறையாது என்று வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 6: பட்டியலும் வரியும்

வேலை முடிந்ததும் உங்கள் பெயர், முகவரி, வேலையின் விவரம், சொல் எண்ணிக்கை, விலை, தவணை நாள் ஆகியவற்றோடு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். வெளிநாட்டுப் பணம் வரும்போது நோக்கக் குறியீடு, அதாவது பணம் எதற்காக வருகிறது என்பதைச் சொல்லும் குறியீடு, கேட்பார்கள்; நீங்கள் செய்த சேவைக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, வங்கியோ சேவை நிறுவனமோ தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றைச் சேமித்துவையுங்கள். இந்தியாவில் பேபால் கணக்கில் பணம் தங்காது. தானாகவே உங்கள் வங்கிக்குப் போய்விடும். அதன் கட்டணமும் நாணய மாற்றில் ஏற்படும் இழப்பும் சேர்ந்தால் கணிசமாக வரும் என்பதால், பெரிய தொகைகளுக்கு நான் நேரடி வங்கிப் பரிமாற்றத்தையே கேட்கிறேன்.

இந்திய நிறுவனங்கள் வரி பிடித்தம் செய்து மீதியைத் தரலாம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் வரி விவர அறிக்கையில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும். மாதச் சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்-1 படிவம் இந்த வருமானத்துக்குப் பயன்படாது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை.

பிற்சேர்க்கை: அரசு ஊழியர்கள் இதைச் செய்யலாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 தனிவேலைக்கும் வணிகத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. எனவே துறையின் எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் முதல் வேலையைக்கூட ஏற்க வேண்டாம். தனியார் நிறுவன ஊழியர்களும் தங்கள் பணி ஒப்பந்தத்தில் வெளிவேலையைத் தடுக்கும் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே படி 4-க்குப் போகலாம்.