வன்னியில் கலியாணம்: பிளானரை அமர்த்துவது எப்படி, அவரிடம் வேலை வாங்குவது எப்படி

எங்கள் வீட்டில் இரண்டு கலியாணம் நடந்தது. 2018இல் அண்ணாவுடையது. அதை முழுக்க நாங்களே செய்தோம். 2023 ஆவணியில் தங்கச்சியுடையது. அதற்கு ஒரு பிளானரை, அதாவது காசுக்குக் கலியாண வேலைகளை ஒழுங்குபடுத்தித் தருபவரை, அமர்த்தினோம். அண்ணாவின் கலியாணத்தன்று அவர் தாலி கட்டியதை அம்மா பார்க்கவில்லை. அந்த நேரம் சமையல் கொட்டிலில் அப்பளம் பொரிக்க எண்ணெய் காணாது என்று யாரோ கூப்பிட, அங்கே நின்றார். தங்கச்சியின் கலியாணத்தில் அம்மா மணவறைக்குப் பக்கத்திலேயே இருந்தார். எனக்கு அது ஒன்றே போதும். ஆனாலும் காசு கொடுத்து ஆளை வைத்தால் எல்லாம் தானாக நடந்துவிடாது. எப்படி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பிளானர் என்றால் கொழும்பு ஹோட்டலில் கலியாணம் செய்பவர்களுக்குத்தான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அம்மாவின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டது பெரியப்பா. அடுக்களை சின்னம்மாவின் பொறுப்பு. ஐயரைக் கூட்டி வந்ததும் மேளகாரரை நேரத்துக்கு இறக்கியதும் பக்கத்து வளவு மாமா. யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது அந்த அயல் இல்லை. பெரியப்பா இல்லை. சின்னம்மா சுவிஸில். மாமாவின் வளவில் இன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான், ஆனால் எங்கள் வீட்டு முறைகள் அவர்களுக்குத் தெரியாது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளின் நிலைமை இதுதான். வேலை அப்படியே இருக்கிறது, செய்த ஆட்கள்தான் இல்லை.

படி 1: நாளைப் பாருங்கள், பிறகு உடனே ஆளைப் பிடியுங்கள்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஆடியும் ஆவணியும்தான் பள்ளிக்கூட விடுமுறை. ஆடியில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஆவணி பிறந்ததும் உள்ள சில முகூர்த்தங்களில் எல்லாரும் வந்து விழுகிறார்கள். ஒரே நாளில் ஒரே மேளகாரரை நாலு வீடு கேட்கும். ஆவணி என்றால் குறைந்தது எட்டு மாதத்துக்கு முன்னர் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஆள் கிடைப்பது சுலபம், ஆனால் மழைக்காலம். திறந்த வெளிப் பந்தலை மறந்துவிடுங்கள்.

வயல் வீட்டுக்காரர் பெரும்போக அறுவடை நாட்களையும் பாருங்கள். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் வயலுக்குள் நிற்கும்போது யாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட முடியாது.

படி 2: பேசும்போது என்ன கேட்பது

படம் காட்டுவார்கள். எல்லாருடைய படமும் வடிவாகத்தான் இருக்கும். படத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். நான் கேட்ட கேள்விகள் இவை.

பொன்னுருக்கு, அதாவது தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு, எந்த வீட்டில் நடக்கும், அதற்கு என்னென்ன வேண்டும்? (மாப்பிள்ளை வீட்டில் என்று உடனே சொல்லாதவரை நான் விட்டுவிட்டேன். சோடனை தெரிந்தவர் எல்லாருக்கும் சடங்கு தெரிந்திருப்பதில்லை.)

அன்றைக்கு நீங்களே வருவீர்களா, ஆளை அனுப்புவீர்களா? அதே நாளில் வேறு கலியாணம் எடுத்திருக்கிறீர்களா?

மண்டபக்காரர், சமையல்காரர், வீடியோக்காரர் ஆகியோரிடமிருந்து உங்களுக்குக் கழிவு (கமிஷன்) கிடைக்குமா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கழிவு எடுப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் பிழை. எங்கள் பிளானர் "சோடனையில் மட்டும் எடுப்பேன் அக்கா" என்று நேரே சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் எடுப்பதா, வவுனியாவிலிருந்தா, இங்கேயேவா என்று கேட்டால், இங்கே ஆள் இருந்தால் இங்கேயே எடுங்கள் என்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் வழியாக முல்லைத்தீவுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். மணவறையும் பூவும் விடியப் புறப்பட்டு வர வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் இருட்டில் யானை நடமாட்டத்தையும் நினைக்க வேண்டும். வெளியூர் ஆள்தான் என்றால் சோடனைச் சாமான் முதல் நாள் பின்னேரமே வந்து இறங்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். முறிகண்டி வழியாக வருவதென்றால் அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள், அங்கே நிற்காமல் எந்த வாகனமும் வராது.

படி 3: மண்டபத்துக்கு அவரோடு போய் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்

இதை நான் மனதார வற்புறுத்துகிறேன். அண்ணாவின் கலியாணத்தில் பந்தி நடக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே வேலை செய்தது, லைட் எரிந்தது, காற்றாடி சுற்றியது. ஆனால் தண்ணீர் மோட்டார் ஜெனரேட்டரோடு இணைக்கப்படவில்லை. வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு எழும்பிய சனம் கையை ஏந்திக்கொண்டு பைப்படியில் நின்றது. பெரியவர்கள் சேலைத் தலைப்பில் துடைத்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு சுடும்.

மண்டபக்காரர் "ஜெனரேட்டர் இருக்கு" என்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். எது எது அதில் ஓடும் என்பது வேறு கேள்வி. மெயினை நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டு, பைப்பைத் திறந்து பாருங்கள். மேல்தாங்கி எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். தங்கச்சியின் கலியாணத்துக்கு முன்னர் பிளானர் இதைச் செய்து பார்த்து, ஒரு தண்ணீர் பவுசரைத் தனியாக ஒழுங்கு செய்தார்.

படி 4: ஒரு தாளில் எழுதுங்கள்

யார் எதற்குப் பொறுப்பு, எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு. இவ்வளவுதான். இரண்டு பக்கமும் கையெழுத்து. "எல்லாம் நாங்கள் பார்ப்போம்" என்ற வசனம் தாளில் வரக்கூடாது. நிறைகுடம் வைப்பவர் யார், வாழை கட்டுபவர் யார், மிஞ்சிய சாப்பாட்டை எடுப்பவர் யார், மண்டபத்தைக் கூட்டிக் கொடுப்பவர் யார் என்று சின்ன வேலைகளை எழுதுங்கள். பெரிய வேலையை யாரும் மறக்க மாட்டார்கள்.

பிளானரோடு பேசுவதற்கு வீட்டில் ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான். கனடாச் சித்தப்பா நேரே அவருக்கு அழைத்து மணவறையின் நிறத்தை மாற்றச் சொன்னார். "அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் ஐயா" என்று அவர் பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார். சித்தப்பாவுக்கு நான் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

என்ன செயலி பாவிப்பது? ஒன்றும் வேண்டாம். நான் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட கொப்பி) வைத்திருந்தேன், எண்ணெய்க் கை பட்டாலும் கிழியாது, சார்ஜ் இறங்காது. வெளிநாட்டிலிருந்து காசு போடுபவர்கள் பார்ப்பதற்கு ஒரு கூகுள் சீட். வட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கங்களுக்குள் முகூர்த்த நேரம் புதைந்துபோகும்.

படி 5: தாலியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மற்றதை மேலோட்டமாகப் பார்த்தாலும் இதை ஆறுதலாகப் படியுங்கள். நாங்கள் விழுந்த இடம் இது.

நேர அட்டவணையைக் காலையிலிருந்து எழுதத் தொடங்குவது எல்லாருடைய பழக்கம். ஐந்து மணிக்கு மேக்கப், எட்டு மணிக்கு மாப்பிள்ளை புறப்பாடு என்று போகும். அப்படி எழுதினால் பிந்துவதெல்லாம் முகூர்த்தத்தின் தலையில் வந்து விழும். கடைசியிலிருந்து எழுத வேண்டும்.

எங்கள் முறையில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கூறைச் சேலையையும் தாலியையும் தட்டில் வைத்து, சபையில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, பெண்ணிடம் கூறை கொடுக்கப்படுகிறது. பெண் எழும்பிப் போய் அதை உடுத்தி வந்த பிறகுதான் தாலி. அந்த உடுத்தல்தான் பள்ளம். அண்ணாவின் கலியாணத்தில் அதற்கு 25 நிமிடம் என்று போட்டிருந்தோம். அண்ணி அறைக்குப் போனபோது அறை பூட்டியிருந்தது. திறப்பு மண்டபக் காவலாளியிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். மேக்கப் செய்த பிள்ளை வெளியே நின்ற வேனுக்குள். கூறை புதுச்சேலை, மடிப்பு நிற்கவில்லை. தலைநகையைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. 55 நிமிடம். மேளம் வாசித்தபடி இருக்க ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிய 4 நிமிடம் இருக்கும்போது அண்ணா தாலி கட்டினார். அண்ணி அழுதபடிதான் வந்தார்.

தங்கச்சிக்கு நாங்கள் எழுதிய முறை இது. முகூர்த்தம் 10.12 முதல் 11.40 வரை. தாலி 10.45க்கு என்று வைத்தோம், முன்னும் பின்னும் இடம் இருக்கும்படி. அதிலிருந்து பின்னுக்கு: பெண் திரும்பி மணவறைக்கு வருவது 10.35. கூறை உடுத்த 45 நிமிடம், ஆக 9.50க்கு எழும்ப வேண்டும். தட்டு சபையைச் சுற்றி வர 20 நிமிடம். 400 பேர் உள்ள மண்டபத்தில் எல்லாரிடமும் தட்டுப் போகாது, முன்வரிசைப் பெரியவர்களோடு நிறுத்த வேண்டும். கன்னிகாதானம் அதற்கு முன். இப்படியே போனால் மாப்பிள்ளை அழைப்பு எத்தனை மணிக்கு என்று தானாக வந்து நிற்கும். எழுதிய பிறகு ஐயரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு ஐயருக்கும் வேகம் வேறு. எங்கள் ஐயர் ஒரு இடத்தில் 15 நிமிடம் கூட்டச் சொன்னார்.

இப்போது பிளானரின் உண்மையான பெறுமதி எங்கே என்று சொல்கிறேன். கூறைக்கு முதல் நாளே மடிப்பு எடுத்துப் பின் குத்தி, அதே மடிப்போடு தட்டில் வைத்தால் உடுத்துவது பாதி நேரத்தில் முடியும். ஆனால் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். அதை முன்கூட்டியே பெண் வீட்டுக்குத் தாருங்கள் என்று அம்மா எப்படிச் சம்பந்தியிடம் கேட்பார்? கேட்டால் கூறையின் தரம் பார்க்கக் கேட்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்களா? அம்மா இரண்டு கிழமை இதை நினைத்துத் தூங்கவில்லை. பிளானர் ஒரு பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். "அம்மா, முகூர்த்தம் தவறக்கூடாது, ஒரு இரவு மேக்கப் செய்பவரிடம் இருக்கட்டும், பெண் வீட்டார் கண்ணில் படாது" என்றார். மாப்பிள்ளையின் அம்மா உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர் கேட்டால் மரியாதைப் பிரச்சினையாகும் ஒன்றை, யாருக்கும் சொந்தமில்லாதவர் கேட்டால் அது வெறும் வேலையாகிவிடுகிறது.

அறைத் திறப்பு அன்று ஒரு பிள்ளையின் கையில். அவளுக்கு வேறு வேலையே இல்லை. தங்கச்சி 31 நிமிடத்தில் வந்தாள்.

படி 6: காசு

மூன்று பங்காகக் கொடுங்கள். பேசும்போது முற்பணம், ஒரு கிழமைக்கு முன்னர் ஒரு பங்கு, முடிந்து கணக்குப் பார்த்த பிறகு மிச்சம். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு. முழுக் காசும் முதலே கேட்பவரோடு போகாதீர்கள்.

படி 7: அன்றைக்கு

போனை யாரிடமாவது கொடுத்துவிட்டு மண்டபத்தில் இருங்கள்.

பிற்சேர்க்கை 1

எழுத்தை, அதாவது சட்டப்படி கலியாணம் பதிவதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எழுத்து முறை ஐயரின் வேலையும் இல்லை, பிளானரின் வேலையும் இல்லை, பதிவாளரிடம் நீங்களேதான் போக வேண்டும். அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழிந்த பிறகே சாதாரண முறையில் கலியாணத்தை எழுதுவதற்கான சான்றிதழ் கிடைக்கும். அதைவிட அவசரம் என்றாலும், மண்டபத்தில் வைத்து எழுதுவது என்றாலும் விசேட அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருகிறார் என்றால் இதை முதலே பாருங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதி எடுக்கும் வேலையை மாதக்கணக்கில் முன்னர் தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை 2

ஒரு தம்பி ட்ரோன் கமராவைப் பற்றிக் கேட்டார். வீடியோக்காரர் கொண்டு வருவார் என்பதற்காகப் பறக்கவிட முடியாது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் இராணுவ முகாம்களும் கிட்ட உள்ளன. அனுமதியை எடுப்பவர் யார் என்று படி 4இன் தாளில் ஒரு வரி சேருங்கள். ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதியும் அதே தாளில்.

பிற்சேர்க்கை 3

மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்க அக்கா, தங்கள் வீட்டில் கூறை இல்லை, பூசைதான், இந்த எண்ணும் முறை உதவுமா என்று கேட்டிருந்தார். உதவும் அக்கா. கோயிலில் பூசை தொடங்கும் நேரத்தை வைத்துப் பின்னோக்கி எழுதுங்கள். அதற்கு முன்னர் மூன்று ஞாயிறு ஓலை (கலியாண அறிவித்தல்) வாசிப்பார்கள் அல்லவா, அந்த மூன்றையும் சேர்த்தே எண்ணுங்கள். தவக்காலம் எப்போது தொடங்குகிறது என்று பங்குத் தந்தையிடம் கேட்டுவிட்டு மண்டபத்துக்கு முற்பணம் கொடுங்கள். உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள். நேரத்தாளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், இருந்து பார்த்துச் சொல்கிறேன்.