‘நான் கேட்டுப் படிக்கிற ஆள்’ என்று முடிவு கட்டும் முன்

பத்து நிமிடம் ஒதுக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், நம் குணத்தை நாலே எழுத்தில் சொல்லிவிடும் ஆன்லைன் டெஸ்டுகள் ஏராளம். முடிவைப் படித்ததும் ‘அட, அப்படியே நான்தான்!’ என்று தோன்றும். முதலில் சறுக்குவது இங்கேதான்.

பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு அவரவர் பெயர் போட்ட குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. ஆனால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு, அதுவும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். சில நேரம் கலகலப்பாகப் பழகுவீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள் என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? ஆகவே முடிவு கைக்கு வந்ததும், ‘இது யாருக்குப் பொருந்தாது?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி வரிகள் உதிர்ந்துவிடும்.

மனிதர்களை வகை பிரிப்பதிலும் சிக்கல் உண்டு. குணத்தை நாலெழுத்தில் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு 16 பெட்டிகள் வைத்திருக்கிறது. நூலிழையில் இந்தப் பக்கம் விழுந்தவரும் அந்தக் கோடிக்கே போனவரும் அதில் ஒரே பெட்டி. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு பெட்டிக்குத் தாவுகிறவர்களும் கணிசம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்புவது ஐந்து பண்புகள் யாரிடம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் முறையை. உயரம் மாதிரி, கூடக் குறைய எல்லோரிடமும் இருப்பவை அவை.

அறிவு விஷயத்தில் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் பெயரை இழுக்காதவர் இல்லை. 1983இல் அவர் சொன்னது ஏழு வகை அறிவு, இயற்கையை உணரும் அறிவைப் பின்னால் சேர்த்து எட்டாக்கினார். அதையும், ஒவ்வொருவருக்கும் எந்த வழியில் படித்தால் ஏறும் என்று பிரிக்கும் கற்றல் பாணியையும் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டும் வேறு என்று கார்ட்னரே சொல்லிவிட்டார். இசையில் தேர்ந்த பிள்ளைக்குக் கணக்கையும் பாட்டாகத்தான் சொல்லித்தர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அதிகம் பாழாவது கற்றல் பாணியில்தான். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்ற பிரிவுகளுக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாக ஏறுமா? இருந்த ஆய்வுகளை 2008இல் நான்கு உளவியலாளர்கள் அலசினார்கள். தேறும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. விருப்பம் என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிடித்த வழியில்தான் மண்டையில் ஏறும் என்பதில்லை. உச்சரிப்பை யாராக இருந்தாலும் கேட்டுத்தான் பழக வேண்டும். நாடுகளின் எல்லைக்கு வரைபடத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் ‘கேட்டுப் படிக்கிற’ கட்சி. பாடங்களை என் குரலிலேயே பதிவுசெய்து நடந்துகொண்டே கேட்பேன், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஒருநாள் வெள்ளைத்தாளில் இதயத்தை வரைய உட்கார்ந்தேன். நான்கு அறைகள் வந்தன. வலது கீழறையிலிருந்து கிளம்பும் குழாயில் பேனா நின்றுவிட்டது. எங்கே போகிறது அது? இருபது தடவையாவது கேட்ட வரி!

காதுக்குப் பழகிப்போனதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வது எல்லோரும் செய்கிற தவறு. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். அந்த ஐந்து நிமிட வெற்றியை வைத்துத்தான் நாம் ‘என் பாணி இது’ என்று முடிவு செய்கிறோம்.

எந்த முறை உங்களுக்கு உதவுகிறது என்று தெரிய வேண்டுமானால், படித்து முடித்ததும் எவ்வளவு நினைவிருக்கும் என்று ஓர் ஊகத்தைக் குறித்துவையுங்கள். நான்கு நாள் கழித்துப் புத்தகத்தை மூடிவைத்து எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை எந்த டெஸ்டும் சொல்லாது.

நான் அப்படி மூன்றாம் முறை வரைந்தபோது குழாய் சரியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ரத்தம் திரும்பி வரும் வழியைத்தான் மறுபடி கோட்டைவிட்டிருந்தேன்.