நடுவழியில் கியர் உடைந்தால்

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் கடல் பாதையில் நிழலும் இல்லை, கடையும் இல்லை. எதிர்காற்று வேறு. சைக்கிளின் கியர் மாற்றி (பின்சில்லில் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) அங்கே உடைந்தால் முதலில் பெடல் மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் உடைந்த மாற்றி பின்சில்லுக் கம்பிக்குள் போய்விடும். அப்புறம் உருட்டவும் முடியாது.

கியர் கேபிள் மட்டும் அறுந்திருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. செயின் தானாகவே பின்னாலுள்ள சின்னப் பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) இறங்கிவிடும், அதிலேயே ஓடலாம்.

மாற்றியே உடைந்திருந்தால் செயினைக் கழற்றி, சுருக்கி, ஒற்றைக் கியராக்க வேண்டும். செயின் வெட்டும் கருவியால் கண்ணிகளை இணைக்கும் ஆணியைத் தள்ளும்போது முழுவதும் வெளியே விழ விடாதீர்கள். வெளித்தகட்டில் நுனி தொங்கினால்தான் திரும்பப் பூட்டலாம். (பூட்டுக்கண்ணி, அதாவது ஆணி தள்ளாமலே செயினின் இரு முனைகளையும் பூட்டும் கண்ணி, ஒன்று பையில் கிடந்தால் இந்த வில்லங்கமே இல்லை.) செயினை முன்னால் சின்ன வட்டத்திலும், பின்னால் அதற்கு நேர்கோட்டில் வரும் பல்லிலும் மாட்டுங்கள். கோணினால் செயின் பெரிய பல்லுக்கு ஏறி இறுகிவிடும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். உடைந்த துண்டைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

எழும்பி நின்று மிதிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? ஒற்றைக் கியர் தாராளமாகப் போதும்.

மாற்றியைத் தாங்கும் கொளுவி உடைந்திருந்தால் அதையும் கடைக்குக் கொண்டுபோங்கள்; சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் வேறு.