ட்ரம்பெட்டை கிரையோ பண்ணா நல்லா வாசிக்குமா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி செக் பண்றது எப்படி

அமெரிக்கா பக்கம் பிராஸ், அதாவது பித்தளைல செஞ்ச ஊதற வாத்தியம் வாசிக்கிறவங்க நடுவுல ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கற சமாச்சாரம் இது. ட்ரம்பெட்டையோ ட்ராம்போனையோ லிக்விட் நைட்ரஜன் ரேஞ்சுக்கு, அதாவது மைனஸ் 196 டிகிரி கிட்ட வரைக்கும் மெதுவா குளிர வச்சு, பல மணி நேரம் அப்படியே விட்டு, திரும்ப மெதுவா ரூம் டெம்பரேச்சருக்கு கொண்டு வர்றதுக்கு பேர்தான் கிரையோ, அப்படி பண்ணா சவுண்டு ஓபன் ஆகும், ஹை நோட் ஈஸியா வரும், நோட்டு கரெக்டா வந்து உக்காரும்னு சொல்றாங்க. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், தண்ட செலவு. ஆனா நான் சொல்றேன்னு நம்ப வேணாம், நீங்களே டெஸ்ட் பண்ணி பாக்கறதுக்கு வழி சொல்றேன்.

இந்த ஐடியா வந்தது டூல் ஸ்டீல்லேர்ந்து. அங்க கிரையோ நிஜமாவே வேலை செய்யுது. ஸ்டீலை ஹார்டன் பண்ணும்போது உள்ள கொஞ்சம் ஆஸ்டினைட், அதாவது ஸ்டீலோட சாஃப்ட்டான அமைப்பு, மாறாம மிச்சம் நின்னுடும், நல்லா குளிர வச்சா அதுவும் மார்டன்சைட்ங்கற கெட்டியான அமைப்பா மாறிடும், டிரில் பிட்டு கட்டர் எல்லாம் தேயாம நிறைய நாள் உழைக்கும். பித்தளைல அந்த கதையே கிடையாது. யெல்லோ பிராஸ்னா 70 பங்கு செம்பு 30 பங்கு ஜிங்க், கோல்டு பிராஸ்னா 85க்கு 15, ரெண்டுலயும் குளிர்ல மாறறதுக்குன்னு உள்ள எதுவும் மிச்சம் இல்ல.

சரி, ஸ்ட்ரெஸ், அதாவது செய்யும்போது உலோகத்துக்குள்ள தங்கிப்போன இறுக்கம், ரிலீவ் ஆகும்னு அடுத்த வாதம் வரும். பித்தளைல ஸ்ட்ரெஸ் இருக்கறது உண்மைதான், சுத்தியால தட்டி ஸ்பின் பண்ணி வளைச்சு செஞ்ச பெல்லுல, அதான் ட்ரம்பெட்டோட விரிஞ்ச வாய்ல, இல்லாமலா இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு, மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்த ராணுவத்தோட பித்தளை தோட்டா எல்லாம் தானா விரிசல் விட்டுச்சு, குதிரை மூத்திரத்துலேர்ந்து வந்த அமோனியாவும் பித்தளைக்குள்ள தங்கியிருந்த ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்து பண்ண வேலைன்னு 1921ல தான் வெளக்குனாங்க. ஆனா அதுக்கு மருந்து சூடு, குளிர் இல்ல. 250 டிகிரி, அதுக்கு மேலன்னு சூடு பண்ணா அணு நகர்ந்து ஸ்ட்ரெஸ் இறங்கும், மைனஸ் 196ல அந்த நகர்றதே நின்னு போயிடும். ஒன்னே ஒன்னு நடக்கும், பித்தளை சுருங்கும். ஒன்றரை மீட்டர் கிட்ட இருக்கற ட்ரம்பெட் குழாய் 5 மில்லிமீட்டர் போல சுருங்கி, சூடானதும் பழைய நீளத்துக்கே வந்துடும்.

இத ஆளுங்கள வச்சே டெஸ்ட் பண்ணிட்டாங்க. டஃப்ட்ஸ் யூனிவர்சிட்டில பாக் கம்பெனியோட ஸ்ட்ராடிவேரியஸ்ங்கற மாடல் ட்ரம்பெட் பத்து எடுத்து, பாதிய கிரையோ பண்ணி, பாதிய சும்மா விட்டு வாசிக்க வச்சாங்க, 2003ல ரிசல்ட் சொன்னாங்க. வாசிக்கிற ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசமும், ஒரே மாடல்லயே ட்ரம்பெட்டுக்கு ட்ரம்பெட் இருந்த வித்தியாசமும்தான் பெருசா தெரிஞ்சுது, கிரையோ அதுக்குள்ள காணாம போச்சு.

அப்புறம் ஏன் பண்ணிட்டு வந்தவங்க எல்லாம் சூப்பர்னு சொல்றாங்க? கடைக்காரர் ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி ஃபெல்ட்டு கார்க்கு எல்லாம் கழட்டி, உள்ள இருக்கற அழுக்க சுத்தமா எடுத்து, புதுசா ஆயில் போட்டு மாட்டித் தருவாரு. அதுக்கே பாதி வித்தியாசம் தெரியும். வாத்தியம் கைல இல்லாத அந்த நாள்ல உதடும் ரெஸ்ட் எடுத்திருக்கும். காசு கொடுத்திருக்கோம்ல, காதும் அதுக்கேத்த மாதிரி கேக்கும்.

அதனால மொத வேலை, வாத்தியத்த கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் டிஷ் சோப்பு போட்டு, வளையற பிரஷ்ஷ மவுத்பீஸ் நுழையற லீட்பைப்ல விட்டு இழுங்க, உள்ளேர்ந்து பச்சையா ஒரு சேறு வரும் பாருங்க, அத எடுத்தாலே ஊதும்போது தெரியற ரெசிஸ்டன்ஸ் மாறிடும். அடுத்து லீக். ஒன்னாவது வால்வ அழுத்தாம அதோட ஸ்லைட, அதாவது வெளிய இழுக்கற வளைஞ்ச குழாய, கொஞ்சம் வெளிய இழுத்துட்டு, சில செகண்டு விட்டு வால்வ அழுத்துங்க, டப்புனு சத்தம் வந்தா டைட்டா இருக்கு, ஒன்னுமே கேக்கலன்னா வால்வு தேஞ்சு காத்து போகுது. மூணாவதுக்கும் அதே மாதிரி. அதுக்கப்புறம் ரெண்டாவது வால்வோட ஸ்லைட கழட்டி, டார்ச் அடிச்சு உள்ள எட்டிப்பாருங்க, வால்வ அழுத்துனதும் பிஸ்டன்ல இருக்கற ஓட்டையும் குழாயோட வாயும் ஒன்னுக்கு ஒன்னு நேரா நிக்கணும், பிறை மாதிரி ஒரு ஓரம் துருத்திட்டு தெரிஞ்சா ஃபெல்ட்டு அமுங்கி போச்சுன்னு அர்த்தம். புது ஃபெல்ட்டு என்ன பெரிய விலையா.

கடைசியா மவுத்பீஸ். ஷாங்க்ல, அதாவது லீட்பைப்புக்குள்ள போற பகுதில, ஒரு சுத்து மெல்லிசு பேப்பர் சுத்தி மாட்டி வாசிச்சு பாருங்க, மவுத்பீஸ் முனைக்கும் லீட்பைப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி கொஞ்சம் மாறும், அந்த துளி மாத்தத்துக்கே மேல் நோட் எல்லாம் வேற மாதிரி பிடிக்கும். செலவு ஒரு பேப்பர் துண்டு.

இவ்வளவும் பண்ணியும் கிரையோ ஆசை போகலையா, சரி, தனியா உங்க வாத்தியத்த மட்டும் அனுப்பாதீங்க, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகத்த வச்சு கம்பேர் பண்றது கதைக்கு ஆகாது. ஒரே மாடல் வச்சிருக்கற ஃபிரண்டு ஒருத்தர பிடிச்சு, ரெண்டையும் கழுவி ஒரே ஆயில் போட்டு, ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் வாசிச்சு கேட்டு பாருங்க, ஏற்கனவே வித்தியாசம் இருந்தா அத நோட் பண்ணிக்கோங்க. அப்புறம் ஒன்ன மட்டும் கிரையோவுக்கு அனுப்பிட்டு, எது போச்சுன்னு மூணாவது ஆள் ஒருத்தருக்கு மட்டும் தெரியட்டும், அவர் டேக் மாட்டிட்டு டெஸ்ட் நடக்கற ரூமுக்கே வரக்கூடாது.

டெஸ்ட் அன்னைக்கு கண்ண கட்டிக்கோங்க, கைல க்ளவுஸ் போட்டுக்கோங்க, ஏன்னா ஒரு சின்ன கீறல் விரல்ல பட்டாலே எந்த வாத்தியம்னு கண்டுபிடிச்சிடுவோம். மவுத்பீஸ் ஒன்னே ஒன்னுதான். ரெண்டையும் நல்லா ஊதி சூடாக்குங்க, உள்ள இருக்கற காத்து ஒரு டிகிரி ஏறினாலே பிட்ச் 3 சென்ட் கிட்ட ஏறும் (ஒரு செமிடோன்ல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்), ஆறிப்போன வாத்தியம் டல்லா கேக்கறது ஃப்ரீஸ் பண்ணாததால இல்ல. ஃபிரண்டு காசு சுண்டி பூவா தலையான்னு பாத்து, பேசாம எடுத்துக் கொடுக்கட்டும். நீங்க ஸ்கேல், ஒரு லாங் டோன், ஒரு ஹை பேசேஜ் வாசிச்சுட்டு கிரையோவா இல்லையான்னு சொல்லுங்க, பத்து தடவ.

பத்துல ஏழு கரெக்ட்னா குதிக்க வேணாம், சும்மா குருட்டாம்போக்குல சொன்னாலே ஏழோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 17 பர்சென்ட் சான்ஸ் இருக்கு. எட்டுக்கு 5, ஒம்பதுக்கு 1 பர்சென்ட். ஒம்பது வந்தாலும் ரெண்டு வாத்தியமும் முன்னாடியே வித்தியாசமா இருந்துச்சான்னு அந்த பழைய நோட்ட எடுத்து பாத்துட்டு சந்தோஷப்படுங்க.

இன்னொன்னு, காசு மிச்சம் பண்றேன்னு வீட்ல லிக்விட் நைட்ரஜன் வாங்கி பக்கெட்ல முக்கறது வேணவே வேணாம். திடீர்னு குளிர்ந்தா சோல்டர் ஜாயிண்ட் விட்டுப்போகலாம், மேல பூசின லேக்கர் கோட்டிங் விரிசல் விடலாம், மூடின ரூம்ல அந்த நைட்ரஜன் ஆக்சிஜன வெளிய தள்ளிட்டு ஆளையே மயக்கி போட்டுடும்.